நாற்பத்தோரு இடங்களில் நின்றவர்

ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, மேட்டுவாய்க்கால் என்கிற எங்கள் ஊரில் டீக்கடை நாச்சிமுத்து நாற்பத்தோரு இடங்களில் நின்றுகொண்டிருந்தார், கடையில் நின்றதைச் சேர்க்காமல்.

முதலில் பார்த்தவர் பால் வண்டிக்காரர். ஒன்பதாம் மதகுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் கட்டம் போட்ட லுங்கியும் தோளில் துண்டுமாக நாச்சிமுத்து நிற்பதைப் பார்த்து, குரல் கொடுத்து, பதில் வராததால் தூக்கக் கலக்கம் என்று நினைத்து வண்டியை விட்டால், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரோரம் இன்னொரு நாச்சிமுத்து, சந்தைப்பேட்டைப் புளியமரத்தடியில் இன்னொருவர், பூட்டிக் கிடந்த பருத்தி குடோன் வாசலில் இன்னொருவர், இப்படி வழி நெடுகப் பார்த்துக்கொண்டே கடைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே பாய்லருக்குப் பின்னால் அதே லுங்கி, அதே துண்டோடு அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் கேனை இறக்கி வைத்தார்.

"அண்ணா, நீங்க ஊரெல்லாம் நிக்கறீங்" என்றார்.

"அதானப்பா, விடிஞ்சதுல இருந்து கால் ஒரே கடுப்பு" என்றார் நாச்சிமுத்து.

எட்டு மணிக்குள் ஊரே சுற்றிப் பார்த்துவிட்டது. யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. எங்கள் ஊருக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதே எட்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் என்பதால் வராதது வருவதும் இல்லாதது இருப்பதும் எங்களுக்குப் பழக்கம். நின்றவர்கள் பேசவில்லை, சாப்பிடவில்லை, உட்காரவில்லை. ஒவ்வொருவரும் தரையில் ஏதோ ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு, எதையோ தேடிக் கிடைக்காத முகத்தோடு நின்றார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது வசந்தாமணி. அவள் தறிக்காரர் ஆறுச்சாமியின் மனைவி. ஆறுச்சாமி மேல் கொள்ளை வழக்கு இருந்தது. ரைஸ்மில்லில் பீரோவை உடைத்ததாகவும், தடுக்க வந்த வாட்ச்மேனை இரும்புக் கம்பியால் அடித்துக் கண்ணைப் போக்கியதாகவும் வழக்கு, நிரூபணமானால் பத்து வருஷம். கோர்ட்டில் கொடுத்த காகிதக் கட்டு முழுவதையும் வசந்தாமணி மனப்பாடம் செய்திருந்தாள். அதில் ஒரு மகஜர் இருந்தது, போலீசார் ஒரு பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிக் கையெழுத்தோடு எழுதி வைக்கிற காகிதம். எதிரி ஆறுச்சாமி தானாக முன்வந்து ஒப்புக்கொண்டு, சாட்சிகளையும் போலீசாரையும் அழைத்துச் சென்று, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, ஒன்பதாம் மதகுக்கு மேற்கே பதினான்கு அடி தூரத்தில் வேப்பமரத்தடியில் தோண்டிக் கம்பியை எடுத்துக் கொடுத்தார் என்று எழுதி, கீழே முதல் சாட்சியாக நாச்சிமுத்துவின் கையெழுத்து. வசந்தாமணி டேப் எடுத்துக்கொண்டு போய் மதகிலிருந்து அளந்தாள். நின்றவருடைய பெருவிரல் சரியாகப் பதினான்காவது அடியில் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் டிரங்குப் பெட்டிகள் திறந்தன. பைக் திருட்டு, கஞ்சா, கத்தி, செம்புக் கம்பி என்று பதினோரு வருஷத்தில் கேஸ் வாங்கிய வீடுகளெல்லாம் பழைய காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், எந்தெந்த மகஜரில் எந்தெந்த இடத்தில் நாச்சிமுத்து நின்று பார்த்ததாக எழுதியிருந்ததோ அந்தந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தோராவது கையெழுத்தை முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் போட்டிருந்தார். நாற்பதுவரை தாங்கியது, அதற்கு மேல் தாங்கவில்லைபோல என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஏன் தாங்கவில்லை என்று ஆராய்ச்சி செய்ய யாருக்கும் நேரமில்லை, தறி ஓடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடை ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது, அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. உள்ளேயிருந்து டீ சொல்வார்கள், கம்பித் தூக்கில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு போவார். எல்லாரும் ரைட்டர் என்று கூப்பிடும் ஏட்டு சுந்தரவதனம் வெள்ளைத் தாளை நீட்டி, "நாச்சி, அடியில ஒண்ணு போடு" என்பார். தூக்கை இடது கையில் பிடித்தபடியே வலது கையால் போட்டுவிட்டு வருவார். மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேர்தானே போடுகிறோம், அவனை நாமா அடித்தோம் என்பது அவருடைய கணக்கு. எங்களில் பாதிப் பேரின் கணக்கும் அதுதான், அதனால் அவரைத் திட்டும்போது எங்களுக்குக் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஒரு வாரத்தில் ஊர் அவர்களுக்குப் பழகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றவரின் நீட்டிய முழங்கையில் பூக்காரப் பெண்கள் பையை மாட்டினார்கள். குடோன் வாசலில் நின்றவரை வைத்து மினி பஸ் கண்டக்டர் "சாட்சி ஸ்டாப் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். சந்தை நாளில் புளியமரத்துக்காரரைச் சுற்றித் தக்காளிக் கூடைகள் வைத்தார்கள், அவர் தரையைப் பார்ப்பது தக்காளியைப் பார்ப்பதாக ஆகி வியாபாரத்துக்கு நல்ல ராசி என்று பேர் வாங்கினார். ஆனால் அசல் நாச்சிமுத்துவுக்கு அத்தனை பேர் மேல் பட்டதெல்லாம் தன்மேலும் பட்டது. பாய்லர் நிழலில் நின்றவருக்கு நாற்பத்தோரு வெயில் அடித்து உச்சந்தலை உரிந்தது. வெளியே தூறினால் கடைக்குள் சட்டை நனைந்தது. சாட்சி ஸ்டாப்பில் யாரோ வெற்றிலையை அவர் காலடியில் துப்ப, இங்கே டீக்கடையில் இவர் காலைக் கழுவினார்.

பழக முடியாத சங்கதி ஒன்றுதான். மூன்றாம் நாள், செம்புக் கம்பி வழக்கில் மகனை ஜெயிலுக்குக் கொடுத்த ஒரு அம்மா, தன் வழக்கின் இடத்தில் நின்றவரிடம் போய், "எம்பையன் இங்க எடுத்துக் குடுத்ததப் பாத்தீங்களா சாமி" என்று கேட்டுவிட்டாள். நின்றவர் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். செய்தி பரவி எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடிப்போய்க் கேட்டார்கள். நாற்பத்தோரு தலைகளும் இல்லை என்றே ஆடின. ஆட்டிவிட்டு மறுபடி தரையைப் பார்த்தன. அந்த வாரம் முழுக்க ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை, கேஸ் உள்ள வீடுகளில் அழுகை கேட்டது, கேஸ் இல்லாத வீடுகளில் அதைவிட மோசமான அமைதி இருந்தது.

இன்ஸ்பெக்டர் தனபால்ராஜுக்கு இது பிடிக்கவில்லை என்று சொன்னால் குறைவு. அவர் ஊருக்கு வந்து மூன்று வருஷம், வந்ததிலிருந்து எந்தத் திருட்டும் கண்டுபிடிக்கப்படாமல் போனதில்லை, கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொருவரும் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழாமல் போனதில்லை. அந்த பாத்ரூமுக்கு முரட்டு சிமெண்ட் தரை, வெறுங்காலில் நடந்தால் தோல் உரியும், ஆனாலும் விழுந்தார்கள், விழுந்து எல்லாருக்கும் வலது கையே உடைந்தது. இன்ஸ்பெக்டர் நின்றவர்களை வேனில் ஏற்றச் சொன்னார். எடையே இல்லாமல் ஏறினார்கள், மறுநாள் காலை அவரவர் இடத்தில் நின்றார்கள். அப்படியானால் வழக்குச் சொத்தாகக் கைப்பற்று என்றார். கைப்பற்ற மகஜர் எழுத வேண்டும், மகஜருக்கு இரண்டு சாட்சி வேண்டும்.

ரைட்டர் தாளும் பேனாவுமாகக் கடைவீதியில் இறங்கினார். முதல் கடை மளிகைக்காரர் வலது கையில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுங் கைக்கு?"

"பாத்ரூம்ல வழுக்கி உளுந்துட்டனுங்."

அடுத்தது சைக்கிள் கடை. அவரும் வழுக்கி விழுந்திருந்தார். சலூன்காரர், உரக்கடைக்காரர், ஜெராக்ஸ் கடைப் பெண், பேக்கரி மாஸ்டர், அந்தத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, எல்லாரும் பாத்ரூமில்தான் விழுந்தோம் என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். ரைட்டர் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தார். எங்கள் ஊர் சரித்திரத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது, எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

சிரிப்பு அன்றைக்குச் சாயங்காலமே நின்றுவிட்டது. வியாழக்கிழமை ஆறுச்சாமியின் வழக்கு விசாரணைக்கு வருகிறது, முதல் சாட்சி நாச்சிமுத்து. இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஸ்டேஷனில் அவரை யாரும் உட்காரச் சொன்னதே கிடையாது, அதிலேயே அவருக்கு வேர்த்துவிட்டது.

"எழுதியிருக்கிறத அப்படியே சொல்லிட்டு வந்திரு. சொல்லிட்டா இதெல்லாம் தானா மறைஞ்சிரும்னு நினைக்கிறேன். பொய்னுதானே இதெல்லாம் நிக்குது. கோர்ட்ல சொல்லிட்டா அது நிஜமாயிரும்ல?"

நாச்சிமுத்துவுக்கு அப்படியும் இருக்கலாம் என்று தோன்றியது. உச்சந்தலை எரிந்தது.

"சொல்லலைன்னா உன் டீத்தூள் டப்பாவுல ரெண்டு கிலோ கஞ்சா இருந்திச்சுன்னு எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகும். உள்ளூர்ல சாட்சி இல்லைன்னா வெளியூர்ல இருந்து வருவான். நீயும் பாத்ரூம் போவியில்ல?"

மறுநாள் காலை வசந்தாமணி கடைக்கு வந்தாள். கடையில் ஆளில்லை, ஒரு வாரமாகவே யாரும் அவரிடம் டீ குடிப்பதில்லை.

"ஒன்பதாம் மதகு வரைக்கும் வந்துட்டுப் போங்கண்ணா" என்றாள்.

"எனக்கு அங்க ஒண்ணும் வேலையில்ல அம்மிணி."

"வேலையில்லாமத்தான் ஒன்றரை வருசத்துக்கு முன்னால அங்க நின்னதா எழுதியிருக்குதுங்."

அவர் பாய்லரை அணைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தார். வேப்பமரத்தடியில் நின்றவருக்கு எதிரில் போய் நாச்சிமுத்து நின்றார். நம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது நாம் அதற்குத் தயாராகத்தான் போகிறோம். இது தயாரில்லாத முகம், வெயிலில் கருத்து, உதடு வெடித்து, பார்க்கச் சொன்னதைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். அவருக்குத் தன்மேலேயே இரக்கமாகவும் அருவருப்பாகவும் இருந்தது.

"என்ற ஊட்டுக்காரரு இங்க தோண்டுனதப் பாத்தீங்களா?" என்று வசந்தாமணி நின்றவரிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். நாச்சிமுத்துவின் தலையும் கூடவே ஆடியது, அதை அவரால் நிறுத்த முடியவில்லை.

"இவருக்குப் பொய் சொல்லத் தெரியலீங். உங்களுக்குத்தான் தெரியும்போல" என்றாள். பிறகு, "இங்க பாக்கலீனா வேற எங்கண்ணா பாத்தீங்?" என்று கேட்டாள்.

நாச்சிமுத்து வாய்க்காலைப் பார்த்தார். அதில் தண்ணீர் இல்லை. "எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதம்மிணி" என்றார்.

"எனக்கு மட்டும் குடும்பம் இல்லீங்களா" என்று சொல்லிவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அவர் மத்தியானம்வரை அங்கே இருந்தார், ஒருவர் நின்றார், ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை தறிகள் ஓடவில்லை. தாலுகா ஊரில் இருக்கும் கோர்ட்டுக்கு இரண்டு மினி பஸ் நிறையப் போனோம், பாதிப் பேர் கைக்கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. ஆறுச்சாமி கூண்டில் நின்றார். அவருடைய வலது கையின் மூன்று விரல்கள் மடங்காது, ஜாமீனில் வந்த நாளாகத் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனுக்குப் போய் இடது கையால் கையெழுத்துப் போட்டு வருகிறார். இன்ஸ்பெக்டர் அரசு வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாட்சிக் கூண்டில் ஏறிய நாச்சிமுத்துவின் முகத்தையே பார்த்தார். நீதிபதி வயதான அம்மா, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சம்பவ தினத்துக்கு மூன்றாம் நாள், ஒன்பதாம் மதகுக்கு மேற்கே வேப்பமரத்தடியில், எதிரி தோண்டி இந்தக் கம்பியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தீர்களா?" என்றார் அரசு வக்கீல். கம்பி மேஜைமேல் இருந்தது.

நாச்சிமுத்துவின் தலை ஆடத் துவங்கியது. அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வசந்தாமணி அவரைப் பார்க்கவில்லை, கணவனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் நான், இந்த ஆள் எழுதியதைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"இல்லீங்" என்றார்.

அரசு வக்கீல் உடனே, சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று பதிவு செய்யக் கேட்டார். நீதிபதி கையை உயர்த்தினார்.

"கையெழுத்து உங்களுடையதுதானே? அதை எங்கே போட்டீர்கள்?"

"ஸ்டேசன்லங்கம்மா. ரைட்டரய்யா மேசையில."

"அங்கே எதற்குப் போனீர்கள்?"

"டீ கொண்டுட்டுப் போனனுங். ஆறு டீ சொன்னாங்க. உள்ளார போலீஸ்காரங்க அஞ்சு பேர்தான். ஆறாவது யாருக்குன்னு கேட்டனுங், பின்னால ரூம்ல இருக்கறவனுக்குன்னாங்க. போய்ப் பாத்தா ஆறுச்சாமி கீழ கெடந்தானுங். கை இப்படி மடங்கிக் கெடந்துது. டம்ளரப் புடிக்க முடியல. நாந்தான் வாயில வெச்சுக் குடுத்தேன்." நாச்சிமுத்து தன் வலது கையைப் பார்த்தார். "குடுத்துப்போட்டு, அந்தக் கையாலயே வந்து கையெழுத்துப் போட்டனுங்."

அவர் நிமிர்ந்து மேஜையைப் பார்த்தார்.

"அந்தக் கம்பியும் எனக்குத் தெரியுமுங்" என்றார். "ரைட்டரய்யா ரூம் சன்னலுக்கு முட்டுக் குடுத்திருந்த கம்பிங். இப்ப அங்க செங்கல் வெச்சிருக்காங்க."

சரியாக அந்த நேரத்துக்கு, பதினொன்று நாற்பதுக்கு, ஒன்பதாம் மதகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள், வேப்பமரத்தடியில் நின்றவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்ததாகவும், பெருமூச்சு விட்டதாகவும், பிறகு அங்கே யாரும் இல்லை என்றும் சொன்னார்கள். அதே நேரத்துக்கு ஸ்டேஷனில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் டீ வாசனை வந்து திரும்பிப் பார்த்தார். ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து நின்றிருந்தார். மற்றவர்கள் வெறுங்கையோடு நின்றவர்கள், இவர் கையில் கம்பித் தூக்கு இருந்தது, அதில் ஆறு கிளாஸ், ஆறிலும் ஆவி பறந்தது. இவர் தரையைப் பார்க்கவில்லை, பின்னால் இருக்கும் அறையின் கதவைப் பார்த்தார். கான்ஸ்டபிள் கிட்டப் போய் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். கேட்டதற்கு அவர் இல்லை என்று தலையாட்டவில்லை, கண்ணை மட்டும் கதவிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஜேசிபி வந்து டீக்கடையை ஆக்கிரமிப்பு என்று இடித்தது, பாய்லரை எடுக்கக்கூட விடவில்லை. கஞ்சா வழக்குப் போட வெளியூர் சாட்சி கிடைத்தான், பேனாவைக் கையில் எடுக்குமுன் ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் நின்றவர்களைப் பார்த்தான், அப்படியே பஸ் ஏறிவிட்டான். ஆறுச்சாமிக்கு அடுத்த மாதம் விடுதலை ஆனது, விரல்களுக்கு ஆகவில்லை, நூல் முடிச்சு இனி அவர் போட முடியாது. நாச்சிமுத்து இப்போது தள்ளுவண்டியில் டீ விற்றுக்கொண்டு, நடக்கிற வழக்குகளுக்கெல்லாம் தானாகவே கோர்ட்டில் ஏறி நடந்ததைச் சொல்கிறார். ஒவ்வொன்று சொல்லும்போதும் ஊரில் ஒருவர் மறைவார். இன்னும் ஆறு பேர் மறையவில்லை. அந்த ஆறு வழக்கும் முடிந்து, தண்டனையும் முடிந்து, உள்ளே போனவர்களில் இரண்டு பேர் ஜெயிலிலேயே செத்தும் போனார்கள், கேட்பதற்கு இனி எந்தக் கோர்ட்டும் இல்லை. பருத்தி குடோன் வாசலில் இன்றைக்கும் மினி பஸ் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை பத்தரை மணியைப் பற்றி. வெளியே ஜேசிபி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தீர்ப்பு வரவில்லை, அதுவரை ஆறுச்சாமி எதிரிதான், கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குள் போனார், வசந்தாமணியும் கூடப் போனாள். உள்ளே நின்றவரின் முகத்தை இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து நான்கு தடவை சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார், நான்கு தடவையும் அது திரும்பிக்கொண்டது. கண்ணைக் கட்டிய துணி அவிழ்ந்து தரையில் கிடந்தது. பின் அறையில் அன்று காலை பிடித்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார், யார் என்று தெரியாது, சின்ன வயசுதான். கதவு திறந்தே இருந்தது. கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உள்ளே போய் அவர்மேல் கை வைக்காமல் சும்மா நின்றார்கள்.

ஆறுச்சாமி இடது கையால் கையெழுத்தைப் போட்டு முடித்தார். இடிக்கிற கடையின் புழுதி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றின்மேலும் படிந்தது. வசந்தாமணி நின்றவருக்கு முன்னால் போய் நின்றாள், முந்தானை நுனியை எச்சில் தொட்டு நனைத்து, அவருடைய இரண்டு கண்ணையும் மெதுவாகத் துடைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்றே அங்க?" என்றார் ரைட்டர்.

"தூசிங்" என்றாள் அவள். "நல்லாத் தெரியோணுமில்லீங்."